ஆறாத ஈரல்

ஈரலில் புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், நமது கிராமங்களில் முதலில் எழும் கேள்வி “ஆள் குடிக்கிறவரோ?” என்பதே. குடிப்பவராயின் ஊர் தலையை ஆட்டிவிட்டு அடங்கிவிடும். குடியாதவராயின், அதிலும் ஒரு தாயாயின், ஊர்வாய் வேறு கதைகளைத் தேடும். செய்வினை என்பர் சிலர். முகாமில் வந்த செங்கண்மாரி உள்ளுக்குக் கிடந்து இப்போது வெளிவந்துவிட்டது என்பர் வேறு சிலர். நோயின் பாரம் போதாதென்று இந்தப் பேச்சின் பாரத்தையும் அக்குடும்பம் சுமக்க நேரிடுகிறது.

செங்கண்மாரிப் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 2009இல் வவுனியா முகாம்களில் பலரைப் பிடித்தது அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ‘ஏ’ வகை ஈரலழற்சி. அது சில வாரங்கள் வாட்டும். சிலருக்குக் கடுமையாகவும் வரும். ஆனால் மாறியபின் உடலில் தங்கியிருப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. அன்று அந்நோய் கண்டவர்கள் அதை நினைத்து இன்று அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியது வேறொன்று. கண் மஞ்சளாகாமலும், வலி தராமலும், இருபது முப்பது ஆண்டுகள் ஈரலுக்குள் தணல்போலக் கிடக்கும் அழற்சியே அது. அந்தத் தணலை மூட்டுவது குடியாகவும் இருக்கலாம். இரத்தத்தில் பரவும் ஒரு வைரசாகவும் இருக்கலாம். ஈரலில் படியும் கொழுப்பாகவும் இருக்கலாம். பூஞ்சணம் பிடித்த தானியத்தின் நஞ்சு அதற்குத் துணைபோகும். வழிகள் பல என்றாலும் அவை பெரும்பாலும் வந்து கூடும் சந்தி ஒன்றே.

அழற்சி என்பது என்ன?

வயலில் காலில் முள் ஏறினால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதுவே அழற்சி. இது நோயன்று, உடலின் காவற்படை வேலை செய்வதன் அடையாளம். இரத்தத்திலுள்ள வெண்கலங்கள் அங்கே விரைந்து, கிருமிகளைக் கொல்லும் காரமான இரசாயனங்களைச் சொரிகின்றன. பழுதான தசை அகற்றப்பட்டு, புதிய கலங்கள் பிறக்கின்றன. முள் வெளியேறியதும் படை திரும்பிவிடுகிறது, புண் ஆறிவிடுகிறது.

முள் வெளியேறாவிட்டால்? காவற்படையும் போகாது. ஊருக்குள் வந்த படை திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் ஊருக்கு என்ன நேரும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஈரல் வலப்பக்க விலா எலும்புகளின் கீழ் இருக்கும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. உண்பதும் குடிப்பதும் விழுங்கும் மருந்தும் குடலிலிருந்து அதன் வழியாகவே செல்கின்றன. பழுதுபட்டால் தன்னைத் தானே மீளக் கட்டிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆரோக்கியமான ஈரலின் பெரும்பகுதியைச் சத்திரசிகிச்சை மூலம் வெட்டி எடுத்தாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் பழைய பருமனுக்கு அண்மித்து வளர்ந்துவிடும். இறைவனின் அற்புதமான ஏற்பாடு இது. ஆனால் இந்த ஆற்றலே நீண்ட அழற்சியின்போது ஆபத்தாக மாறுகிறது.

எப்படி என்பதை விதைநெல்லைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நல்ல வித்தை வாங்கி விதைத்த முதற்போகத்தில் வயல் ஒரே சீராக நிற்கும். அதே வயலில் எடுத்த நெல்லையே போகத்துக்குப் போகம் விதைத்து வந்தால், சில ஆண்டுகளில் உயரமானதும் கட்டையானதும், முந்திக் கொட்டுவதுமாகக் கலப்பு மிகுந்துவிடும். ஈரலிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. அழற்சியால் கலங்கள் சாகின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப அயற்கலங்கள் பிரிந்து பெருகுகின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும், எப்படி வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று கூறும் பரம்பரைக் குறிப்பு பிரதி செய்யப்படுகிறது. பிரதி செய்யும்போது எழுத்துப் பிழைகள் விழும். சாதாரண ஈரலில் கலங்கள் அரிதாகவே பிரிவதால் பிழைகளும் குறைவு. அழற்சி தணியாத ஈரலில் விதைப்பும் அறுப்பும் ஓய்வதேயில்லை.

இத்துடன் வேறு தீங்குகளும் சேர்கின்றன. கிருமியைக் கொல்லவென்று வெண்கலங்கள் சொரியும் இரசாயனங்கள் நல்ல கலங்களின் பரம்பரைக் குறிப்பையும் சிதைக்கின்றன. புண்ணை ஆற்றுவதற்காக உடல் அனுப்பும் ‘வளருங்கள்’ என்ற கட்டளை, நல்ல கலத்துக்கும் பிழைபட்ட கலத்துக்கும் ஒன்றுபோலவே போய்ச் சேர்கிறது. இறந்த கலங்களின் இடத்தில் நார்த் தழும்பு படர்கிறது. மென்மையான ஈரல் இறுகி முடிச்சு முடிச்சாகச் சுருங்கும் இந்த நிலையைச் ‘சிரோசிஸ்’ என்பர். ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு தழும்பேறிய ஈரலில்தான் முளைக்கின்றன. பிழைபட்ட கலங்களைக் கண்டு அழிக்கவேண்டிய காவற்கலங்களோ, நீண்ட போரில் களைத்துச் செயலிழந்து போகின்றன.

கோதுமையும் களையும் அறுவடைவரை சேர்ந்தே வளரட்டும் என்று விட்டுவைத்த வீட்டுத் தலைவரின் உவமையை நாம் அறிவோம். அந்தப் பொறுமை ஆன்மாக்களுக்கு உரியது. ஈரல் விடயத்தில் அறுவடைவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

எலியிலும் மனிதரிலும் கண்டவை

புற்றுநோய்க் கட்டிகளுக்குள் வெண்கலங்கள் நிறைந்திருப்பதை யேர்மனிய வைத்தியர் ருடோல்ஃப் வீர்கோ 1863இலேயே கண்டு, நீண்ட அழற்சி உள்ள இடத்தில் புற்றுநோய் தோன்றுகிறது என்று கருதினார். அமெரிக்கரான ஹரோல்ட் டுவோராக் 1986இல் புற்றுநோய்க் கட்டிகளை ஆறாத புண்கள் என்றே வர்ணித்தார். ஆயினும் ஒரு கேள்வி நின்றது. புற்றுநோயைத் தருவது வைரசா, அதை எதிர்க்கும் அழற்சியா?

இதற்கு 1998இல் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் சிசாரியின் குழுவினர் ஒரு விடை கண்டனர். ‘பீ’ வகை ஈரலழற்சி வைரசின் ஒரு புரதத்தைத் தமது ஈரலிலேயே உண்டாக்கும் எலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அப்புரதத்துடன் பிறந்த எலிகளாதலால் அவற்றின் உடல் அதை எதிரியாகக் கருதவில்லை. பின்னர் அப்புரதத்தை எதிரியாகக் காணும் காவற்கலங்கள் அந்த எலிகளுக்கு ஏற்றப்பட்டன. ஈரலில் ஓயாத அழற்சி தொடங்கியது. காலப்போக்கில் புற்றுநோய் தோன்றியது. வேறெந்த நஞ்சும் கொடுக்கப்படவில்லை. ஓயாத அழற்சியே போதுமாக இருந்தது.

மனிதரிடத்தில் இது இன்னும் சிக்கலானது. கமக்காரர்களாகிய நமக்கு மிகவும் பயன்படக்கூடியது சீனாவின் சிடோங் பகுதியின் வரலாறு. யாங்சி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஷங்காய் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் கமப் பிரதேசம் அது. உலகிலேயே ஈரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. 1972 முதல் அங்கு புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. பலருடைய இரத்தத்தில் ‘பீ’ வைரசு இருந்தது. மக்களின் பிரதான உணவோ சோளம். ஈரலிப்பான காலநிலையில் சேமித்த சோளத்தில் பூஞ்சணம் பிடித்து, அது ‘அஃப்லரொக்சின்’ என்னும் நஞ்சை உண்டாக்கியது.

இந்த நஞ்சு அறியப்பட்டதே ஒரு பண்ணை விபத்தினால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. அவற்றுக்குப் போட்ட தீனியில் பிரேசிலிலிருந்து வந்த, பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கு இருந்தது.

வைரசும் நஞ்சும் ஒருவரில் சேர்ந்தால் என்ன நேரும்? ஷங்காய் நகரில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வு 1994இல் வெளியாயிற்று. நஞ்சு மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு. வைரசு மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு 59 மடங்கு! மூன்றும் ஏழும் சேர்ந்தால் பத்து என்ற கணக்கு இங்கே செல்லாது.

காரணம் மேலே சொன்ன விதைநெல் கதைதான். அஃப்லரொக்சின் கலத்தின் பரம்பரைக் குறிப்பில் பிழையை எழுதுகிறது. குறிப்பாக, கலம் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் ‘பீ 53’ என்ற அலகில், ஒரே இடத்தில் ஒரே விதமான பிழை, சிடோங்கின் கட்டிகளில் பாதியளவில் காணப்பட்டதாக 1991இல் அறிவிக்கப்பட்டது. கலம் பிரியாமல் ஓய்ந்திருந்தால் அப்பிழை திருத்தப்பட நேரம் உண்டு. ஆனால் வைரசின் அழற்சி கலங்களை ஓயாமல் பிரியச் செய்கிறது. பிழை திருத்தப்படுமுன் பிரதியாகிவிடுகிறது. நஞ்சு கெட்ட வித்தை இடுகிறது. அழற்சி அதைப் போகம் போகமாகப் பெருக்குகிறது.

1980களில் சீனாவில் சந்தைகள் திறக்கப்பட்டபோது சிடோங் மக்கள் சோளத்தைக் குறைத்துச் சோறு உண்ணத் தொடங்கினர். அவர்களது இரத்தத்தில் இந்நஞ்சின் அளவு 1989இல் இருந்ததிலிருந்து படிப்படியாகக் குறைந்து, 2009இல் பெரும்பாலோரிடம் அளந்தறிய முடியாத நிலைக்கு வந்தது. முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோரிடையே ஈரல் புற்றுநோய் மரணம் பாதிக்கு மேல் வீழ்ந்தது. அவர்கள் பிறந்த காலத்தில் அனைவருக்குமான தடுப்பூசி அங்கே வரவில்லை. வைரசு பலருக்கு அப்படியே இருந்தது. மாறியது களஞ்சியத்திலிருந்து வந்த உணவே.

நமது களஞ்சியம்

நாம் சோறு உண்பவர்கள். ஆகவே தப்பினோம் என்று ஆறுதல் கொள்ளலாகாது. கச்சான், சோளம், செத்தல் மிளகாய், கொப்பரா ஆகிய எல்லாவற்றிலும் இப்பூஞ்சணம் வளரும். 2021இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். நமது புழுங்கலரிசியிலும் கவனம் வேண்டும். அவித்த நெல்லை மழைக்கு அஞ்சிக் குவித்து வைத்தால் அந்தச் சூடும் ஈரமும் பூஞ்சணத்துக்கு விருந்து.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. சொந்த வீட்டில் நெல்லுக்கென்று மேடையும் அறையும் இருந்தவர்கள், தறப்பாள் கொட்டிலின் மண்தரையில் பையை வைத்துச் சீவிக்கவேண்டியவர்களானார்கள். தற்காலிக வீட்டுத் திட்டங்களில் மலசலகூடத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் கால்பங்கேனும் தானியம் வைக்கும் இடத்துக்கு ஒதுக்கப்படுவதில்லை. அபிவிருத்தி வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாங்களெல்லோரும் இதைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

செலவு அதிகம் தேவையில்லை. மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டில் 20 கிராமங்களில் 600 பேரைக்கொண்டு நடத்திய முயற்சியின் பெறுபேறு 2005இல் வெளியானது. பத்துக் கிராமங்களின் கமக்காரர் கச்சானைக் கைகளாற் பொறுக்கிப் பழுதானதை நீக்கினர்; மண்ணில் பரப்பாமல் பாயில் காயவைத்தனர்; பிளாஸ்ரிக் பையை விட்டுச் சணல் சாக்கில் கட்டினர்; சாக்கை மரச்சட்டத்தின்மேல் அடுக்கினர். ஐந்து மாதத்தின் பின் அவர்களது இரத்தத்தில் இருந்த நஞ்சு, மற்றைய பத்துக் கிராமத்தாரின் அளவில் பாதிக்கும் குறைவு. எந்த இயந்திரமும் வாங்கப்படவில்லை.

தானியம் போதியளவு காய்ந்ததா என்பதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்குக்குத் தானியமிட்டு, வெயிலில் நன்கு காயவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டி போடுங்கள். மூடியபின் ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். சோளத்துக்கு 13 வீதமளவும், உடைத்த கச்சான் பருப்புக்கு 8 வீதமளவும் பாதுகாப்பானவை. ஆகவே உப்பு ஒட்டாத பின்னும் இவற்றுக்கு மேலும் வெயில் கொடுப்பது நல்லது.

பூஞ்சணம் பிடித்ததைக் கழுவி அவித்தால் சரி என்ற எண்ணம் தவறு. சமையற்சூட்டில் இந்நஞ்சு அழிவதில்லை. வறுத்தால் ஓரளவே குறையும். கறுத்த, சுருங்கிய, கசக்கும் கச்சானைத் துப்பிவிடுங்கள். அதைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவதும் நன்றன்று. வான்கோழிகளுக்கு நேர்ந்தது கோழிக்கும் நேரலாம். மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வரும். ஏழைக் குடும்பத்துக்குத் தானியத்தை எறிவது எவ்வளவு வேதனை என்பதை அறிவேன். முழுச் சாக்கையும் எறியச் சொல்லவில்லை. நஞ்சு பெரும்பாலும் ஒரு சில பழுதான மணிகளிலேயே செறிந்திருக்கும். இருந்து பொறுக்கினால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

வைரசும் குடியும் கொழுப்பும்

‘பீ’ வைரசு இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. ஒரே கோப்பையில் உண்பதால் பரவாது. ஒரே பாயில் படுப்பதாலோ அணைப்பதாலோ பரவாது. நோயுள்ளவரின் தட்டைத் தனியே வைக்கும் வழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. அதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை, நற்செய்தியில் அதிலும் இல்லை. தனியே வைக்கவேண்டியவை சவர அலகும் பல்துலக்கியும் ஊசியுமே.

குழந்தையாகத் தொற்றுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களில் ஐந்துக்கும் குறைவானோரிலேயே தங்குகிறது. ஆகையால் தடுப்பூசி குழந்தைப் பருவத்திலேயே வேண்டும். தாய்வான் 1984இல் இவ்வூசியைத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990–94 காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்ததை உலகம் கண்ட முதற்சந்தர்ப்பம் அது. இலங்கையில் இவ்வூசி 2003 முதல் கட்டங்கட்டமாகச் சேர்க்கப்பட்டது. ‘பீ’ வைரசு நம் நாட்டில் குறைவாகவே உண்டு என்பது ஆறுதலான செய்தி. ‘சீ’ என்ற இன்னொரு வகைக்கு ஊசி இல்லை. ஆனால் சில மாத மாத்திரைகளால் பெரும்பாலும் முற்றாக மாற்றிவிடலாம்.

கீழ்க்காய்நெல்லியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. 1988இல் சென்னையில் செய்த ஆய்வொன்று, அம்மூலிகைத் தூளை உண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ‘பீ’ வைரசின் அடையாளம் மறைந்ததாக அறிவித்தது. ‘பீ’ வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க் அந்த ஆய்வில் பங்குகொண்டவர். ஆனால் வேறிடங்களில் செய்த ஆய்வுகள் அப்பலனைக் காணவில்லை. நமது பரியாரிமாரின் அறிவை நான் இகழ்பவனல்லன். ஆனாலும் ‘பீ’ இருப்பதாக அறிந்த ஒருவர் மூலிகையை மட்டும் நம்பிக் கிளினிக்கைக் கைவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இன்று இலங்கையில் ஈரல் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் வழிவிடுவது வைரசன்று, மதுவும் கொழுப்புமே. மதுவைப் பற்றி ஊர் அறியும். சாராயமோ, கசிப்போ, அளவுமீறிய கள்ளோ, போத்தலின் விலை வேறானாலும் ஈரலுக்குள் செல்வது அதே மதுசாரம். உழைப்பும் காணியும் இழந்த ஆண்கள் போத்தலில் ஆறுதல் தேடுவதை நான் கடிந்துகொள்ள விரும்பவில்லை. பாடசாலைக்கு ஆசிரியர் வராத இடத்துக்கும் மதுக்கடை அனுமதி வந்துவிடுவதைத்தான் கடிந்துகொள்வேன்.

கொழுப்பு ஈரலைப் பற்றி நமது கிராமங்கள் இன்னும் அறியவில்லை. ராகமையில் 35 முதல் 64 வயதானோரிடையே 2007இல் தொடங்கிய ஆய்வில், மூன்றிலொருவருக்கு மதுவால் அல்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. அது நகர்ப்புறம். ஆனால் மண்வெட்டியை விட்டவர்களாய், கோதுமை மாவும் சீனியும் நிறைந்த உணவில் நாட்கழிக்கும் குடும்பங்களில் சலரோகமும் தொந்தியும் வந்தபின் கிராமம் நகரம் என்ற பேதம் இல்லை. படிந்த கொழுப்பு சிலரில் அழற்சியைத் தூண்டும்; பின் தழும்பு; சிலருக்குப் புற்றுநோய். குடியாத தாய்க்கும் வருவதன் காரணம் பலவேளைகளில் இதுவே. இதில் ஒரு நன்மை உண்டு: எடை குறைந்து, தேநீரில் சீனி குறைந்து, நடை கூடினால், தொடக்க நிலையில் ஈரல் மீண்டுவிடும்.

தணலை அணைத்தால் பலன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. வைரசை மருந்தால் அடக்கியவர்களிலும் குடியை விட்டவர்களிலும் ஆபத்து குறைகிறது. ஆனால் ஈரல் இறுகிச் சுருங்கிவிட்ட பின் ஆபத்து குறையுமேயன்றி முற்றாக நீங்காது. ஆகவே சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கொருமுறை வயிற்றை ஸ்கான் செய்து பார்க்கவேண்டும்; ‘பீ’ வைரசு தங்கிவிட்டவர்கள் எவ்வளவு காலத்துக்கொருமுறை என்பதை வைத்தியரிடம் கேட்கவேண்டும். சிறிய கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். வலியும் வயிற்று வீக்கமும் மெலிவும் வந்தபின் கண்டால் செய்யக்கூடியது சொற்பம்.

இடப்பெயர்வில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த குடும்பங்கள் பல. அட்டை இல்லையென்று வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்கவேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பிள்ளையின் பிறந்த ஆண்டையும், எந்த ஊரில் எப்போது ஊசி போட்டதாக நினைவு என்பதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்ட ‘பீ’ ஊசியை இன்னொரு முறை போட்டாலும் பிள்ளைக்குத் தீங்கில்லை.